போட்டேனா, போடலையா

எனக்கு மறதி வந்துடுச்சுன்னு நான் சொல்றேன். ஒருத்தன் நம்ப மாட்டேங்கறான். நல்லா இருக்கிறவனப் பாத்து மூளை கலங்கிப்போச்சுன்னு சொல்ற ஊருதான் இது. சண்டையில முதல்ல வர்ற வார்த்தையே அதுதான். ஆனா ஒருத்தன் தானா வந்து, யப்பா, மண்டையில ஏதோ கழண்டுக்கினு இருக்குது, கொஞ்சம் பாருங்கப்பான்னு சொன்னா எல்லாத்துக்கும் சிரிப்பு வருது.

நான் கவர்ன்மென்ட் பஸ்ல கண்டக்டரா இருந்தவன். திண்டிவனம் பாண்டி ரூட்டு, திண்டிவனம் விழுப்புரம் ரூட்டு, ரெண்டுலயும் காலு தேஞ்சவன். எங்கப்பன் அடுத்தவன் நிலத்துல மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்கி என்ன வளத்தாரு. எங்க தெருவுல முதல்ல காக்கிச் சட்டை போட்டது நான் தான். அதனால எனக்குக் கொஞ்சம் திமிரு. இருக்கட்டும், அதுல என்ன தப்பு.

கண்டக்டர் வேலையில ஒரு ரோசம் உண்டு. பஸ்ஸு கொள்ளாம ஜனம் நிக்கும், எவன் ஏறினான், எவன் டிக்கெட் வாங்கினான், எவன் ஜன்னல் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு நிக்கிறான், எல்லாம் மனசுலயே நிக்கணும். வாங்கினவன்கிட்ட போய் ரெண்டாவது தடவை டிக்கெட்டான்னு கேட்டா, "அப்பவே வாங்கிட்டேன்யா"ன்னு ஒரு பார்வை பாப்பான் பாரு, அது எங்களுக்கு அசிங்கம். நான் அந்தப் பார்வைய வாங்கினவன் இல்ல. எதையும் ஒரு தடவைக்கு மேல கேக்கறது எனக்கு இன்னிக்கும் ஆவாது. இந்த ரோசத்தை இங்க ஏன் சொல்றேன்னு போகப் போகத் தெரியும்.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் எனக்கு ஒரே ஒரு டூட்டி. என் ஊட்டுக்காரிக்கு இன்சுலின் போடறது. சுகர்ல அவ கண்ணு மங்கிப்போச்சு. லேசர் வச்சும் சரியா வரல. ஆளு தெரியும், கதவு தெரியும், ஊசியில இருக்கிற பொடிக்கோடு தெரியாது. அதனால காலைல ஒண்ணு, ராவு சாப்பாட்டுக்கு முன்ன ஒண்ணு, ரெண்டும் என் கையால. ஃபிரிட்ஜ்ல இருந்து குப்பிய எடுக்கணும், கையில வச்சு உருட்டணும், கோடு பாத்து இழுக்கணும், அவ கைச் சதைய ரெண்டு விரல்ல கிள்ளிப் புடிச்சுப் போடணும். ஆஸ்பத்திரி நர்ஸே பாத்துட்டு, "சாரு நல்லாப் போடறாரே"ன்னுச்சு.

அந்த டூட்டியில தான் எனக்கு முதல்ல ஆட்டம் கண்டுது. ஒரு நாள் காலைல ஃபிரிட்ஜு கதவத் தொறந்து வச்சிக்கினு நிக்கிறேன். குப்பி கையில இருக்குது. எடுக்க வந்தேனா, திருப்பி வைக்க வந்தேனா? மண்டையில ஒண்ணும் இல்ல, தொடச்ச பலகையாட்டம் இருக்குது. அப்படியே நின்னுக்கினு இருந்ததுல கையி சில்லிட்டுப் போச்சு. உள்ள போய் அவளக் கேட்டேன்.

"போட்டேனா?"

"போட்டாச்சு"ன்னா.

சரின்னு குப்பிய வச்சிட்டு வந்துட்டேன். விளையாட்டா இது? போடாம உட்டா சுகர் ஏறும். ரெண்டு தடவை போட்டா ஆளே போயிடும். பால் பாக்கெட் வாங்க மறந்தேன், கரண்ட் பில்லு கட்ட மறந்தேன்னா அது வேற. என் மறதி அவ உசுரு மேல உக்காந்துக்கினு இருக்குது.

சும்மா இருந்துடல நானும். காலண்டர்ல கோடு போட்டேன். ஊசி போட்டுட்டுக் கோடு போட்டேனா, கோடு போட்டுட்டு ஊசிய மறந்தேனான்னு அதுலயும் தகராறு. கூட்டேரிப்பட்டுல ஒரு கடையில ஞாபக சக்திக்கு லேகியம் விக்கிறான்னு கேட்டு, போய் வாங்கியாந்து தின்னேன். பேதி தான் ஆச்சு. அப்புறம் தான் நாலு பேருகிட்ட சொல்லுவோம்னு கிளம்பினேன். அந்த நாலு பேரோட லட்சணத்த இப்பச் சொல்றேன்.

முதல்ல பஸ் ஸ்டாண்டு எதிர்ல இருக்கிற டீக்கடை. ரிட்டயர் ஆன டிரைவருங்க, கண்டக்டருங்க உக்கார்ற இடம். நான் விஷயத்தச் சொன்ன உடனே ஒருத்தன் டீ கிளாஸ வச்சிட்டு சிரிக்கிறான். "உனக்கா மறதி? பாண்டி ரூட்டு ஸ்டாப்பு சொல்லு பாப்போம்"ன்றான். இது அவனுங்களுக்கு ஒரு ஆட்டம். நானும் மடையன் மாதிரி சொன்னேன். ஓமந்தூரு, கிளியனூரு, தைலாபுரம், மொரட்டாண்டின்னு நடுவுல இருக்கிற சின்ன சின்ன ஸ்டாப்பு முதக்கொண்டு, கிளியனூர்ல எந்தப் பூக்காரி எத்தினி கூடையோட ஏறுவா, எவன் தினமும் சில்லறை இல்லன்னு மொறைப்பான், அத்தனையும் ஒப்பிச்சேன். கடையே கை தட்டுது. "போய்யா, எங்களுக்கு நேத்து தின்ன இட்லி ஞாபகம் இல்ல, நீ வந்து மறதின்ற"ன்னு முதுகுல தட்டி அனுப்பிட்டானுங்க.

நேத்து தின்ன இட்லி தான்டா எனக்கும் ஞாபகம் இல்ல, அதத்தான்டா சொல்றேன்னு கத்தினேன். எவன் காதுலயும் ஏறல. பரண்ல போட்ட பழைய சாமான் எல்லாம் பத்திரமா இருக்குது, அடுப்பு மேல வச்ச பாலு தான் காணும். இத எப்படிப் புரிய வைக்கிறது இந்தக் கழுதைங்களுக்கு.

மாதா கோயில்ல சாமியார்கிட்ட சொன்னேன். சின்ன வயசு சாமியார், பைக்குல போறவரு. "எனக்கே பிரசங்கத்துல மறந்து போவுதுங்க, செபம் பண்ணுங்க"ன்னு சொல்லிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கினாரு. இவருக்குப் பிரசங்கத்துல மறக்கிறதும் எனக்கு ஊசியில மறக்கிறதும் ஒண்ணாம்.

அப்புறம் டாக்டர். திண்டிவனத்துலயே ஒரு கிளினிக்கு. கூட்டத்துல உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சு. உள்ள போனா, பெரியவரே என்ன வேலை பாத்தீங்கன்றாரு. சொன்னேன். சின்ன வயசுல அந்த ரூட்டுல தான் பள்ளிக்கூடம் போனாராம். எந்த டிரைவரு, எந்த வண்டின்னு கேட்டாரு, நான் சொல்லிட்டேன், அவருக்கு ஒரே சந்தோஷம். "உங்க ஞாபக சக்தி எனக்கு இருந்தா நான் எங்கயோ போயிருப்பேன்"ன்னு சொல்லிட்டு, வைட்டமின் மாத்திரை எழுதிக் குடுத்தாரு. ஊசி விஷயத்தை நான் சொல்ல வாயெடுக்கிறப்பவே மணி அடிச்சு அடுத்த ஆளக் கூப்ட்டாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மணியத் தூக்கி அடிச்சிருப்பேன்.

கடைசியா எங்க புள்ளை. விழுப்புரத்துல வேலை, விழுப்புரத்துலயே வாடகை வீடு, பொண்டாட்டி, ஒரு பொண்ணு. ஞாயித்துக்கிழமை போன் பண்ணுவான். "இன்னாப்பா, சாப்ட்டியா, அம்மா சாப்ட்டாளா"ன்னு கேட்டு வச்சிடுவான். நான் சொன்னேன், "டேய், எனக்கு மறதி வருது, அம்மா ஊசிய வேற யாராவது பாத்துக்கணும்."

"ப்பா, நீ தான் ஜம்முனு இருக்கிறியே. வயசானா எல்லாருக்கும் வர்றது தான்."

"எல்லாருக்கும் வந்தா வரட்டும்டா. எல்லாரும் ஊசி போடலையே."

"சும்மா பேஜாரு பண்ணாதப்பா"ன்னு சிரிச்சிக்கினே வச்சிட்டான்.

அன்னிக்கு எனக்கு ஒரு விஷயம் உரைச்சுது. அவன் நம்பாம இல்ல. நம்பிட்டா ஏதாவது செய்யணும். அம்மாவ அழைச்சிக்கினு போவணும், இல்ல தினமும் காலைல விழுப்புரத்துல இருந்து வந்து போவணும், இல்ல ஒரு ஆளப் போடணும். நம்பலன்னா ஒரு செலவும் இல்ல, ஒரு வேலையும் இல்ல. அப்பன் ஜம்முனு இருக்கிறான்னு சொல்லிக்கினு நிம்மதியாத் தூங்கலாம். டீக்கடையில இருந்தவன்கூட அறியாம சிரிச்சான். இவன் அறிஞ்சே சிரிச்சான்.

இப்படியே தவக்காலம் வந்துது. எங்க ஜனத்துல தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒருசந்தி இருப்பாங்க. காலைல ஒண்ணும் தின்னாம மத்தியானம் ஒரு வேளை மட்டும் சாப்பாடு. சுகர் இருக்கிறவங்க இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, சாமியாரும் உங்களுக்குக் கடமை இல்லம்மான்னாரு. இவ கேட்டாளா? "எங்கம்மா சாவற வரைக்கும் இருந்தா, நான் இருக்கக் கூடாதா"ன்னா. சண்டை போட்டுப் போட்டு ஓய்ஞ்சு, கடைசியில ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒருசந்தி அன்னிக்குக் காலை ஊசி கிடையாது. மத்தியானம் சோறு போட்டு வச்சிட்டுப் பாதியளவு போடறது. டாக்டருக்குத் தெரியாத ஏற்பாடு, எங்களுக்குள்ள ஓடிக்கினு இருந்துது.

அந்த வெள்ளிக்கிழமை காலைல, "இன்னிக்கு ஒருசந்தி"ன்னு அவ சொன்னாளாம். நானும் சரின்னேனாம். எல்லாம் அப்புறம் அவ சொன்னது தான், எனக்கு ஞாபகம் இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு நான் வழக்கம்போல குப்பிய எடுத்து, உருட்டி, இழுத்துக்கினு உள்ள போனேன். அவ மாதா சுரூபத்துக்கு முன்ன உக்காந்து செபமாலை சொல்லிக்கினு இருந்தா. கண்ணு மூடி இருக்குது, உதடு மட்டும் அசையுது. கை சும்மா தான இருக்குதுன்னு ரவிக்கைக் கைய மேல தூக்கி ஊசியப் போட்டுட்டேன்.

அவ ஒரு வார்த்தை பேசல. ஏன் தெரியுமா? செபமாலைய நடுவுல நிறுத்த மாட்டா. இடி உழுந்தாலும் நிறுத்த மாட்டா. அடுப்புல சோறு கருகினப்பவும் நிறுத்தினதில்ல, எங்க புள்ளை சின்னதுல படியில உருண்டு உழுந்தப்பகூட மணிய உருட்டிக்கினே தான் ஓடியாந்தா. அவங்க ஊட்டுப் பொம்பளைங்க எல்லாம் அப்படித்தான், பாதியில உட்டா மாதாவ பாதி வழியில உட்டுட்டு வந்த மாதிரின்னுவாங்க. கையில ஊசி ஏறுது, ஏறக்கூடாத ஊசின்னு தெரியுது, இந்தப் பொம்பளை அருள்நிறைந்த மரியே சொல்லிக்கினு இருக்குது. முடிச்சதுக்கப்புறமாவது எழுந்து ரெண்டு இட்லி தின்னிருக்கலாம் இல்ல? ஒருசந்தி முறிஞ்சிடுமாம். மத்தியானம் வரைக்கும் தாங்கிடலாம்னு நெனச்சாளாம். புத்தி கெட்டவ.

நான் கடைக்குப் போய்ட்டு வந்து பாக்கறேன், துணி தொவைக்கிற கல்லுமேல சாஞ்சு உக்காந்திருக்கிறா. ரவிக்கை முதுகு பூரா வேர்வை. கூப்ட்டா பதில் வேற எதுவோ சொல்றா, நாக்கு குழறுது. பஸ்ஸுல இந்த மாதிரி மயக்கம் போட்ட ஆளுங்களப் பாத்திருக்கேன். ஓடிப்போய் சக்கரைய அள்ளி அவ கன்னத்துக்குள்ள அடக்கினேன், பக்கத்து வீட்டுக்காரன் ஆட்டோ எடுத்தான். ஆட்டோவுல அவ தலை என் தோள்ல ஆடிக்கினே வருது. நான் தான் இவளக் கொன்னுட்டேன்னு எனக்குள்ள கத்திக்கினே போனேன்.

ஆஸ்பத்திரில குளுக்கோஸ் ஏத்தினாங்க, கண்ணு தொறந்தா. புள்ளை விழுப்புரத்துல இருந்து வந்தான். வந்தவன் என்ன பண்ணான் தெரியுமா, அவளத் திட்டினான். "உன்ன யாரும்மா ஒருசந்தி இருக்கச் சொன்னது? சாமி கேட்டுதா?" நர்ஸும் அவளத் திட்டுது. பக்கத்து பெட்டுல இருந்த கிழவிகூட புத்தி சொல்லுது. நான் குறுக்க உழுந்து சொல்றேன், "டேய், இன்னிக்கு ஊசி கிடையாது. மறந்து போய் நான் தான் போட்டேன்."

"நீ போட்டதுல என்னப்பா தப்பு. டெய்லி போடற ஊசி. இவங்க தின்னிருக்கணும்."

ஒரு மனுஷன் தப்பு பண்ணிட்டேன்னு நெஞ்சுல அடிச்சிக்கினு ஒத்துக்கிறான், அதையும் புடுங்கி அடுத்தவங்க தலையில கட்றானுங்க. இந்த மாதிரி ஒரு கூத்தை நான் எங்கயும் பாத்ததில்ல.

அங்க தான் இன்னொண்ணும் வந்துது. ரத்தம் எடுத்தாங்க இல்ல, மூணு மாச சுகரையும் பாத்திருக்கிறாங்க. டூட்டி டாக்டரம்மா ரிசல்ட்டப் பாத்துட்டு என்னக் கூப்டுது. "இவங்களுக்கு ஒழுங்கா இன்சுலின் போடறதில்லையா? இவ்ளோ ஏறியிருக்குது. இன்னிக்கு இறங்கினது ஒரு பக்கம், மூணு மாசமா ஏறித்தான் கிடந்திருக்குது"ன்னுச்சு. காலு விரல் நடுவுல ஒரு புண்ணையும் காட்டுச்சு, நான் அதுவரைக்கும் பாக்கவே இல்ல. தினமும் போடறேம்மான்னேன். அந்தம்மா நம்பல. எனக்கு மறதின்னா நம்ப மாட்டாங்க, ஊசி போட்டேன்னாலும் நம்ப மாட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் அவளப் புடிச்சிக்கினேன். "ஏய், உண்மையச் சொல்லு. நான் போடாம உட்டுக்கினு இருக்கிறனா?"

அவ சுவத்தப் பாத்துக்கினே சொன்னா. "சில நாளு உட்டுடற."

"நான் தான் கேக்கறனே உன்ன, போட்டேனான்னு. நீ தான போட்டாச்சுன்ற?"

"வேற இன்னா சொல்லச் சொல்ற? முன்ன ஒரு நாளு இன்னும் போடலன்னேன். நான் போட்டத போடலன்றியா, என்னப் பைத்தியக்காரன் ஆக்கறியான்னு டம்ளரத் தூக்கி அடிச்ச. செவுத்துல பட்டு நசுங்கிக் கிடந்துது. அதோட நான் போடலன்னு சொல்றதில்ல."

டம்ளரு. எனக்கு எந்த டம்ளரும் ஞாபகம் இல்ல. சமையக்கட்டுல போய்ப் பாத்தேன், ஒரு டம்ளரு விளிம்பு நசுங்கித் தான் இருந்துது. அதுல தான் நான் தினமும் தண்ணி குடிக்கிறேன்.

ஒரு தடவைக்கு மேல கேக்காத ரோசக்காரன் நானு. ஒரு தடவை கேப்பேன், அவ போட்டாச்சுன்னுவா, நானும் குப்பிய வச்சிட்டு வந்துடுவேன். ரெண்டாவது தடவை கேட்டிருந்தா ஒருவேளை உண்மையச் சொல்லியிருப்பா. என் வாய்க்குப் பயந்துக்கினு ஒரு பொம்பளை தன் காலப் புண்ணாக்கிக்கினு உக்காந்திருக்கிறா. கோவம் வந்தா எனக்கு யாரையாவது திட்டணும். அன்னிக்கு யாரத் திட்றதுன்னு தெரியாம மாதா சுரூபத்தப் பாத்து நாலு வார்த்தை திட்டினேன். அவ காதப் பொத்திக்கினா.

மறுநாள் காலைல குப்பி, ஊசி, பஞ்சு எல்லாத்தையும் ஐஸ் போட்ட டிபன் கேரியர்ல வச்சேன். அவளக் கையப் புடிச்சு பஸ்ல ஏத்தினேன். விழுப்புரம் போய், மாடிப்படி ஏறி, எங்க புள்ளை வீட்டுச் சாப்பாட்டு மேசை மேல அந்த கேரியர டொம்முனு வச்சேன். "இனிமே இது என் கையில இல்ல. உன் அம்மா. நீ போடு"ன்னேன்.

"என்னப்பா இது, ஆபீஸுக்கு டைம் ஆவுது, ஜல்தியா கிளம்பணும்."

"அப்ப என்னைய மூளை டாக்டர்கிட்ட அழைச்சிக்கினு போ. ரெண்டுல ஒண்ணு. இல்ல, கீழ போய் தெருவுல நின்னு கத்துவேன், அப்பன் ஆத்தாளக் கொல்லப் போறான், புள்ளை பாத்துக்கினு இருக்கிறான்னு."

அவன் சிரிச்சான். நான் கீழ இறங்கிப் போய்க் கத்தினேன். கண்டக்டர் தொண்டை, கேக்கணுமா. நாலு மாடியிலயும் ஜன்னல் தொறந்துது. எதிர்ல பால் பூத்துல நின்ன ஜனமெல்லாம் திரும்பிப் பாத்துது. அப்பன் சொன்னப்ப ஏறாதது, அடுத்த வீட்டுக்காரன் ஜன்னல்ல நின்னா ஏறும் எங்க புள்ளைக்கு. ஓடியாந்து என் வாயப் பொத்தாத குறையா மேல இழுத்துக்கினு போனான்.

மேல போனா எங்க மருமகப் பொண்ணு கேரியரத் தொறந்து வச்சிக்கினு உக்காந்திருக்குது. எப்பப் பாத்தாலும் போன நோண்டிக்கினே இருக்கும்னு எனக்கு அது மேல ஒரு கடுப்பு உண்டு. "எப்படி இழுக்கணும்னு சொல்லுங்க மாமா, நான் போடறேன்"ன்னுது. நான் சொல்லச் சொல்ல இழுத்துப் போட்டுச்சு. எனக்கு நல்ல வார்த்தை சட்டுனு வராது.

அடுத்த வாரம் விழுப்புரத்துலயே ஒரு நரம்பு டாக்டர்கிட்ட போனோம். நான், அவ, புள்ளை, மூணு பேரும். வயசான டாக்டரு, அவசரப்படாத ஆளு. எங்க புள்ளை உக்கார்றதுக்கு முன்னயே ஆரம்பிச்சிட்டான். "அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல டாக்டர், அவரா பயந்துக்கிறாரு. பழைய விஷயம் எது வேணா கேளுங்க, கரெக்டா சொல்லுவாரு."

"பழசு எனக்கு வேணாம்பா"ன்னாரு அந்த டாக்டரு. எனக்கு எழுந்து அவரு கையப் புடிச்சிக்கணும் போல இருந்துது. என்கிட்ட சில வார்த்தை சொன்னாரு, கொஞ்ச நேரம் வேற கதை பேசிட்டு, அந்த வார்த்தைங்களத் திருப்பிக் கேட்டாரு. ஒண்ணு வந்துது. மத்ததுங்க வரல. கடிகாரம் வரையச் சொன்னாரு, வரைஞ்சேன், முள்ளு எங்க வைக்கிறதுன்னு தடுமாறினேன். எங்க புள்ளை அதப் பாத்துக்கினே இருந்தான். அவன் சிரிக்கல.

அப்புறம் டாக்டரு கேட்டாரு, "வீட்டுல கூட இருக்கிறவங்க யாரு? அவங்க சொல்லட்டும்."

எங்க ஊட்டுக்காரி ஆம்பளைங்க இருக்கிற எடத்துல வாயத் தொறக்காதவ. அன்னிக்கும் தலைய குனிஞ்சிக்கினு இருந்தா. புள்ளை அவளுக்குப் பதிலா, "அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர்"ன்னு சொல்ல வந்தான்.

"எனக்குத் தெரியும்"ன்னா அவ. "அவரு சொல்றது கம்மி."

சொல்ல ஆரம்பிச்சா. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போய்ட்டு வந்து, சட்டைய மாட்டிக்கினு மறுபடி பூசைக்குக் கிளம்பினாராம். செத்துப்போன தன் தம்பிக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுக்கணும்னாராம். எங்க தெருவுக்குப் பக்கத்துத் தெருவுல நின்னுக்கினு ஒரு பையன்கிட்ட வழி கேட்டாராம், அந்தப் பையன் தான் கொண்டாந்து உட்டானாம். எல்லாம் நானு. எனக்கு ஒண்ணு கூடத் தெரியாது. நான் ஊசிய மறக்கறேன்னு தான் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேன். பொய்யின்னு கத்தலாம்னு வாய் வரைக்கும் வந்துது. எத வச்சிக்கினு கத்தறது? அவகூட முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேல சண்டை போட்டிருக்கேன், ஒரு தடவைகூடத் தோத்ததில்ல. அன்னிக்குச் சண்டை போடறதுக்குக் கையில ஒண்ணும் இல்ல.

"ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னான் புள்ளை.

"அவரு சொன்னத நீ நம்பலையே"ன்னா.

டாக்டரு, இன்னும் ஏதாவது இருக்குதாம்மான்னு கேட்டாரு. அவ முந்தானைய விரல்ல சுத்திக்கினே இருந்தா. அப்புறம், என்னப் பாக்காம, டாக்டரப் பாத்து சொன்னா.

"ஒரு நாளு காலைல எழுந்து உக்காந்தாரு. நான் காபி கொண்டாந்து வச்சேன். என் மூஞ்சியப் பாத்து, எங்க ஊட்டுக்காரி எங்க போனா, பாத்தீங்களான்னு என்னையே கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"குளிக்கப் போயிருக்கா, வந்துடுவான்னேன். சரின்னாரு. கதவையே பாத்துக்கினு உக்காந்துட்டாரு."

எங்க புள்ளை எழுந்து ஜன்னல் பக்கம் போய்ட்டான். நம்புங்கடா நம்புங்கடான்னு நான் கத்தின கத்து என்ன, அன்னிக்கு மூணு பேரும் நம்பிட்டாங்க, எனக்குத் தான் அத நம்பப் புடிக்கல. நான் அவ பக்கம் திரும்பினேன்.

"அப்புறம் நீ இன்னா பண்ண?"ன்னு கேட்டேன்.

"பக்கத்துலயே உக்காந்துக்கினு இருந்தேன்."

"எவ்ளோ நேரம்?"

"நீ திட்ற வரைக்கும்"ன்னா. "காபி ஏன்டி ஆறிப்போச்சு, பல்லக் காட்டிக்கினு உக்காந்திருக்கிறியேன்னு கத்தின. அப்ப தான் எனக்கு உசுரு வந்துது."